இந்த வாரத் தலைப்பு: நிழல் (படங்களும் விமர்சனங்களும்)

நெறியாளர் | திங்கள், காலை 7.10

அனைவருக்கும் வணக்கம். இந்த வாரத் தலைப்பு "நிழல்". பங்குனி வெயில் இப்போதே கண்ணைக் கூச வைப்பதால் நிழலுக்குப் பஞ்சம் இருக்காது என்று நம்புகிறேன்.

விதிகள் பழையவைதான். படம் இன்றிலிருந்து ஞாயிறு இரவுக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்கைத் தோண்டக் கூடாது. ஒருவருக்கு ஒரு படம். சென்ற வாரம் நாற்பதுக்கும் மேற்பட்ட பதிவுகளில் "அருமை", "சூப்பர்" என்பவற்றைத் தவிர வேறொன்றும் இல்லை. எனவே இந்த முறை கருத்துச் சொல்பவர்கள் தங்கள் கண் படத்தில் முதலில் எங்கே போய் நின்றது, அங்கிருந்து எங்கே நகர்ந்தது என்பதை ஒரு வரியாவது எழுத வேண்டும். பாராட்டுவதென்றாலும் அதற்குப் பிறகுதான்.

ஈரோட்டு வெயில் | திங்கள், மாலை 6.45

முதல் படம் என்னுடையது. மாலை ஐந்தரை மணிக்கு மொட்டை மாடியிலிருந்து தெருவை எடுத்தேன். சைக்கிளில் போகும் ஒருவரின் நிழல் அவரைவிட மூன்று மடங்கு நீண்டு கிடக்கிறது. படத்தைத் தலைகீழாகத் திருப்பியிருப்பதால் நிழல்தான் சைக்கிள் ஓட்டுவதுபோலத் தெரியும். தெருவின் குறுக்கே ஒரு கேபிள் வயரின் நிழல் ஓடியது. அதை மட்டும் மொபைலில் உள்ள அழிப்பான் கொண்டு நீக்கிவிட்டேன்.

ஐம்பது மி.மீ. | திங்கள், இரவு 9.20

என் கண் முதலில் நிழல் சக்கரத்தின் ஆரக்கால்களுக்குப் போனது. அவை கோலமாவில் இழுத்த கோடுகள்போல விழுந்திருக்கின்றன. அங்கிருந்து கண் எங்கும் நகரவில்லை என்பதுதான் குறை. தலைகீழாகத் திருப்பும் உத்தியை ஏற்கெனவே பல இடங்களில் பார்த்துவிட்டோம். அதைக் கண்டுகொண்ட நொடியிலேயே படம் தீர்ந்துவிடுகிறது. வயரின் நிழலை அழித்ததும் எனக்கு ஒப்புதல் இல்லை. தலைப்பே நிழல் என்றிருக்கும்போது நிழலையே அழிப்பது என்ன நியாயம்?

ஈரோட்டு வெயில் | திங்கள், இரவு 9.48

உத்தி பழையது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். வயரைப் பற்றிச் சொன்னதை ஏற்க முடியவில்லை. அது சைக்கிள் ஓட்டியவரின் கழுத்தைச் சரியாக அறுத்துக்கொண்டு போனது. பார்ப்பவரின் கண் அங்கேதான் சிக்கியிருக்கும்.

ஐம்பது மி.மீ. | திங்கள், இரவு 10.05

அப்படியானால் அரை நொடி பொறுத்து ஷட்டரை அழுத்தியிருக்கலாம். ஓடுவது சைக்கிள்தானே, வயர் இல்லையே.

கரந்தைக்காரன் | புதன், பகல் 1.30

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் (கருவறைக்கு மேலுள்ள கோபுரம்) நிழல் தரையில் விழாது என்று சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவன் நான். இன்றைக்கும் வெளியூர்ப் பயணிகளிடம் இதைச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தலைப்பைப் பார்த்ததும் அந்த நிழலையே எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

இன்று காலை 10 மணிக்கு, விமானத்துக்குப் பின்புறம் மேற்குத் திருச்சுற்று மாளிகையின் தூண் ஓரமாக நின்று எடுத்த படம் இது. 18 மி.மீ. லென்ஸ், ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் துளை) 11, ஷட்டர் 1/250 நொடி. தரையில் கருமையாகக் கிடப்பது சாட்சாத் விமானத்தின் நிழல்தான். அதன் நுனி, மைய அச்சிலிருந்து ஏறத்தாழ 45 மீட்டர் தள்ளி விழுந்திருக்கிறது. இதே நாளில் உச்சிவேளையில் போய்ப் பார்த்தால் நிழலைக் காண முடியாது. நேற்று போய் நின்று பார்த்துவிட்டேன். விமானம் 200 அடிக்கு மேல் உயரம். அடித்தளம் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 30 மீட்டர் அகலம், அதாவது மையத்திலிருந்து விளிம்பு 15 மீட்டர். மார்ச் 20 வாக்கில் உச்சிவேளையில் தஞ்சையில் சூரியன் ஏறத்தாழ 79 டிகிரி உயரத்தில் நிற்பதால், உச்சியின் நிழல் மையத்திலிருந்து 12 மீட்டர் அளவுக்குள் அடித்தளத்தின் மேலேயே விழுந்து மறைந்துவிடுகிறது. மார்கழித் தொடக்கத்தில் அதே உச்சிவேளையில் சூரியன் 56 டிகிரிக்கு மேல் ஏறாது. அப்போது நிழல் 40 மீட்டர் வடக்கே நீண்டு முற்றத்தில் கிடக்கும். கதை எங்கிருந்து கிளம்பியிருக்கும் என்பது இதிலிருந்து ஓரளவு புரிகிறது. 1010 இல் குடமுழுக்குக் கண்ட கோயில் அது. ராஜராஜனின் பெருமைக்கு இப்படியொரு பொய்யின் துணை வேண்டியதில்லை.

ஐம்பது மி.மீ. | புதன், பகல் 2.15

செய்தி என்ற அளவில் முழு மதிப்பெண். படம் என்ற அளவில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. கண் முதலில் வானத்துக்குப் போகிறது, ஏனென்றால் அது முழுக்க வெளுத்திருக்கிறது. அடுத்து விமானத்துக்குப் போகிறது, அது வெறும் கறுப்பு. மூன்றாவதாகத்தான் தரைக்கு இறங்குகிறது. நீங்கள் எழுதிய பத்தியைப் படிக்காமல் இந்தப் படத்தைப் பார்ப்பவருக்கு, தரையில் கிடப்பது ஏதோ ஈரம் காயாத இடம் என்றே தோன்றும்.

கரந்தைக்காரன் | புதன், பகல் 2.40

சூரியன் எதிரே இருந்தால் நான் என்ன செய்வது? நிழல் விழும் பக்கம் நின்றால் வெளிச்சம் எதிர்ப்பக்கம்தானே இருக்கும்! இன்னொன்றும் கேட்க வேண்டும். நிழலின் ஓரம் எவ்வளவு முயன்றும் கூர்மையாக வரவில்லை. ஃபோகஸ் சரியாகத்தான் இருந்தது. அருகில் இருந்த தூணின் நிழல் பிளேடால் வெட்டியதுபோல விழுந்திருக்கிறது. லென்ஸில் கோளாறா?

பழைய ஃபிலிம் | புதன், இரவு 8.30

தம்பி, லென்ஸைக் குறை சொல்ல வேண்டாம். சூரியன் ஒரு புள்ளியாக இருந்தால்தான் நிழலின் ஓரம் கூர்மையாக இருக்கும். நம் கண்ணுக்கு அது அரை டிகிரி அகலமுள்ள தட்டு. அந்தத் தட்டின் ஒரு விளிம்பு மறைந்து மறு விளிம்பு மறையாத இடமெல்லாம் அரைநிழலாகிவிடும். தடுக்கும் பொருள் எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ, அதில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்கு நிழலின் ஓரம் கலங்கும் என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் தூண் இரண்டு மீட்டர் தள்ளி இருந்திருக்கும், அதனால் இரண்டு சென்டிமீட்டர் கலங்கல். அது கண்ணில் படாது. கலசத்திலிருந்து நிழல் நுனிக்கு வெயில் வரும் வழி 70 மீட்டருக்கு மேல். அங்கே முக்கால் மீட்டர் கலங்கல் இருப்பதுதான் இயற்கை. காலை எட்டு மணிக்கு எடுத்திருந்தால் இன்னும் கலங்கியிருக்கும்.

வெளிச்சம் எதிரே இருக்கிறதே என்ற கேள்விக்கு வருகிறேன். தூணோரம் நின்றதற்குப் பதிலாக அந்த நிழலின் நுனிக்கே போய் நின்றிருக்கலாம். நிழலின் நுனியில் நிற்பவருக்குக் கலசம் சூரியனை மறைக்கும்; நிழல் என்பதன் பொருளே அதுதான். அங்கிருந்து பார்த்தால் கலசத்தைச் சுற்றி ஒளி கசியும், சூரியன் நேராக லென்ஸில் அடிக்காததால் வானமும் இவ்வளவு வெளுக்காது, உங்கள் காலடியிலிருந்து கருமை நேராக விமானத்தின் அடி வரை ஓடும். நிழலுக்கும் அதை வீழ்த்தும் பொருளுக்கும் உள்ள உறவு பத்தி எழுதாமலே விளங்கிவிடும். ஆனால் கேமராவின் கண்ணாடித் துளை வழியாகப் பார்க்காமல் திரையில் பார்த்து எடுங்கள். நிழல் நகர்ந்துகொண்டே இருக்கும்; ஓர் அடி பிசகினால் சூரியன் நேராகக் கண்ணில் இறங்கிவிடும்.

ஈரோட்டு நண்பரின் வயர் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இதே பெரிய கோயிலை 1858 இல் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி மெழுகு பூசிய காகித நெகட்டிவில் படமெடுத்தார். விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை வரிசையாக எடுத்து, 21 அச்சுகளை ஒட்டி, ஏறத்தாழ ஆறு மீட்டர் நீளச் சுருளாகவே செய்தவர். அவ்வளவு துல்லியம் பார்த்த மனிதர், அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன் பர்மாவில் எடுத்த படங்களில் வானம் வெறும் வெள்ளையாக வந்ததால் நெகட்டிவின் மேல் வண்ணம் தடவி மேகங்களை உண்டாக்கியிருக்கிறார். நானும் இருட்டறையில் எத்தனையோ மணமகன்களின் முகத்துப் பருவைப் பென்சிலால் மூடியவன்தான். எனவே திருத்துவது பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். திருத்தியதைச் சொல்லிவிட வேண்டும், ஈரோட்டு நண்பர் சொல்லிவிட்டார், அதோடு அந்த வழக்கு முடிந்தது.

ஐம்பது மி.மீ. | புதன், இரவு 8.52

முடிந்ததாக நான் ஒப்புக்கொள்ளவில்லை ஐயா. ஆனால் நிழல் நுனியில் நிற்பது எனக்குத் தோன்றவே இல்லை. அதற்காக வாயை மூடிக்கொள்கிறேன்.

உப்புக்காற்று | வியாழன், பகல் 12.05

வேதாரண்யம் உப்பளத்தில் காலை ஒன்பது மணிக்கு எடுத்த படம். பாத்தியில் உப்பு வாரும் பெண்ணின் நிழல் உப்பின் மேல் விழுகிறது. படத்தில் அவருடைய கால்களும் மரப்பலகையின் பிடியும் மட்டுமே இருக்கும். முதலில் அனுமதி கேட்டேன். "மொகத்த எடுக்காத, நெழல வேணும்னா எடுத்துக்க" என்றார். அப்படியே செய்தேன். 35 மி.மீ., ஐஎஸ்ஓ 100, எஃப் 8, 1/1000. உப்பு ஏன் சாம்பல் நிறமாகத் தெரிகிறது என்பது எனக்கு விளங்கவில்லை. நேரில் கண் திறக்க முடியாத வெள்ளை. நிழலும் நீலமாக வந்திருக்கிறது; வெள்ளைச் சமநிலை (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிற அமைப்பு) தவறிவிட்டது என்று நினைக்கிறேன்.

ஈரோட்டு வெயில் | வியாழன், பகல் 1.10

என் கண் முதலில் பாதங்களுக்குப் போனது. கணுக்கால் வரை உப்பு ஒட்டிக் காய்ந்து வெடித்திருப்பது தெரிகிறது. அங்கிருந்து பலகையின் பிடி வழியாக நிழலுக்குப் போய், நிழலில் அந்தப் பெண் குனிந்திருக்கும் முதுகைக் கண்டு, மீண்டும் பாதங்களுக்கே வந்தது. இந்த வாரம் இதுவரை கண் ஒரு சுற்றுப் போய் வந்த படம் இது ஒன்றுதான். என் படத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பழைய ஃபிலிம் | வியாழன், இரவு 7.55

உங்கள் கேள்விக்கான பதில் நீங்கள் கொடுத்த எண்களிலேயே இருக்கிறது. கேமராவின் ஒளிமானி உலகத்தில் எல்லாமே சராசரியாக 18 விழுக்காடு ஒளியைத் திருப்பித் தரும் சாம்பல் நிறம் என்று நம்பிக்கொண்டிருக்கிறது. ஃபிரேம் முழுக்க உப்பை நிரப்பினால் "அடடா, இவ்வளவு வெளிச்சமா" என்று பயந்து எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் ஒளியின் அளவை) குறைத்து, உப்பையும் சாம்பலாக்கிவிடும். ஃபிலிம் காலத்தில் மீட்டர் இல்லாதவர்கள் கணக்கிட்ட முறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல வெயிலில் எஃப் 16 வைத்தால் ஷட்டர் வேகம் ஐஎஸ்ஓ எண்ணில் ஒன்று, அதாவது 1/100. எஃப் 8 க்கு வந்தால் துளை பெரிதாகி இரண்டு ஸ்டாப் கூடுவதால் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு) 1/400. உங்கள் கேமரா கொடுத்தது 1/1000. ஒன்றேகால் ஸ்டாப்புக்கு மேல் இருட்டாக்கிவிட்டது. அடுத்த முறை எக்ஸ்போஷர் திருத்தத்தை ஒன்று அல்லது ஒன்றேகால் கூட்டி வைத்து, ஹிஸ்டோகிராம் (இருட்டு இடப்பக்கம், வெளிச்சம் வலப்பக்கம் என்று காட்டும் வரைபடம்) வலது சுவரைத் தொடாமல் பக்கத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். ரா கோப்பு (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) இருந்தால் இப்போதே ஏற்றிக்கொள்ளலாம். உப்பின் மணிகள் தெரியாமல் போகும் அளவுக்கு மட்டும் ஏற்றிவிடாதீர்கள்.

நீலத்தைத் தொட வேண்டாம். நிழலுக்குள் சூரியன் வருவதில்லை, ஆனால் வானம் வருகிறது. மண் தரையில் அந்த நீலம் செம்மையில் கரைந்துவிடும். உப்பு வெள்ளை என்பதால் வானத்தின் நிறத்தை அப்படியே காட்டிக்கொடுத்துவிட்டது. அது தவறில்லை, உள்ளதுதான்.

உப்புக்காற்று | வியாழன், இரவு 9.30

மிக்க நன்றி ஐயா. ரா கோப்பில் ஒன்றேகால் ஏற்றிப் பார்த்தேன். உப்பு உப்பாகிவிட்டது. ஆனால் வெள்ளை ஏறியதும் முன்பு கவனிக்காத ஒன்று கண்ணில் உறுத்துகிறது: வலது மூலையில் என் தலையின் நிழலும் விழுந்திருக்கிறது.

ஐம்பது மி.மீ. | வியாழன், இரவு 9.41

அதை கிராப் செய்யாதீர்கள் என்பதே என் கருத்து. அவர் நிழலை எடுக்க நீங்கள் அனுமதி கேட்ட கதை அந்த மூலையில் இருக்கிறது. அழிப்பானையும் தொடாதீர்கள் என்று சொல்லத் தேவையில்லை.

தாம்பரம் பயணி | சனி, காலை 9.15

என்னிடம் கேமரா இல்லை. நான்கு வருடப் பழைய மொபைல்தான். இந்த இழையில் பதிவிடலாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

இன்று காலை 8.20 க்கு அலுவலகத்துக்குப் போகும் வழியில் எடுத்தது. எங்கள் நிறுத்தத்தின் பயணியர் நிழற்குடை கிழக்கு பார்த்தது. காலையில் வெயில் கூரைக்கு அடியில் புகுந்து இருக்கை முழுவதையும் பிடித்துக்கொள்ளும். எவர்சில்வர் இருக்கை என்பதால் உட்காரவும் முடியாது. அதனால் எல்லோரும் நிழற்குடைக்குப் பின்னால் மண்ணில் இறங்கி, கூரையும் முதுகுத் தகடும் வீழ்த்தும் நிழல்பட்டைக்குள் ஒருவர் பின் ஒருவராக நிற்போம். படத்தில் ஒன்பது பேர் இருக்கிறார்கள். பள்ளிச் சிறுமி ஒருத்தியின் புத்தகப் பை மட்டும் வெயிலில் நீட்டிக்கொண்டிருக்கிறது. இடது பக்கம் தெரிவது காலியான நிழற்குடை.

ஐம்பது மி.மீ. | சனி, காலை 10.02

என் கண் முதலில் காலி இருக்கையில் விழும் வெயிலுக்குப் போனது, பிறகு மனிதர்களுக்கு. ஏன் இவர்கள் அங்கே உட்காரவில்லை என்ற கேள்வி எழுந்து, தரையைப் பார்த்ததும் விடை கிடைத்தது. அந்தப் புத்தகப் பையைக் கண்டபோது சிரித்துவிட்டேன்.

ஒரு ஐயம் மட்டும் இருக்கிறது. இதில் நிழல் ஓர் உருவமாக இல்லையே. மற்ற படங்களில் சைக்கிள், விமானம், பெண் என்று நிழலுக்கு ஒரு வடிவம் இருந்தது. இங்கே அது வெறும் இருண்ட பட்டை. தலைப்புக்குள் வருமா?

கரந்தைக்காரன் | சனி, பகல் 11.20

தலைப்புக்குள் வருவதே இது ஒன்றுதான் என்று சொல்லத் தோன்றுகிறது. "நிழல்" என்றதும் நாம் எல்லோரும் எதைத் தேடிப் போனோம்? தரையில் விழும் கறுப்பு உருவத்தை. இணையத்தில் வெளிநாட்டவர் எடுத்த படங்களைப் பார்த்துப் பார்த்து அந்த ஒரு பொருள் மட்டுமே நம் மண்டைக்குள் ஏறியிருக்கிறது. "நிழலின் அருமை வெயிலில் தெரியும்" என்று நம் பாட்டி சொன்னபோது, சுவரில் தெரியும் உருவத்தையா சொன்னாள்? ஒதுங்கி நிற்கும் இடத்தைத்தானே சொன்னாள்! தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். இந்தப் படத்தில் இரண்டும் ஒன்றாக இருக்கின்றன. நிழற்குடையின் உருவம் தரையில் விழுகிறது, அந்த உருவத்துக்குள் மனிதர்கள் ஒதுங்குகிறார்கள். போதாக்குறைக்கு நெற்றியில் "பயணியர் நிழற்குடை" என்று எழுதியே வைத்திருக்கிறது. நான் ஐந்து நாளாக 200 அடி உயரத்து நிழலைத் துரத்திக்கொண்டிருக்கிறேன். இது ஒன்பது பேர் நிற்கும் நிழல்.

ஈரோட்டு வெயில் | சனி, பகல் 11.50

எழுத்து தெரிவது நல்லது. ஆனால் அதற்கு மேலே தொகுதி மேம்பாட்டு நிதி, ஆண்டு, பெயர் என்று வரும் வரிகள் "நிழற்குடை" என்ற சொல்லைவிடப் பெரிதாக இருக்கின்றன. மேலிருந்து கிராப் செய்தால் ஒரு வரியை நிறுத்தி மற்றதை வெட்டலாமே. எப்படியும் கூரையைவிட அந்தப் பலகைதான் அதிக நிழல் தருகிறது என்பது வேறு விஷயம்.

பழைய ஃபிலிம் | சனி, இரவு 8.15

கிராப் வேண்டாம்; பெயர் ஏற்கெனவே வெளிச்சத்தில் கரைந்துதான் இருக்கிறது, படிக்க முடியாது. மொபைல் என்று நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை சகோதரி. இவ்வளவு வெயிலும் இவ்வளவு நிழலும் ஒரே ஃபிரேமில் இருக்கும்போது ஏதாவது ஒன்று பலியாகும். உங்கள் மொபைல் பல எக்ஸ்போஷர்களைத் தானாகவே சேர்த்து இரண்டையும் காப்பாற்றப் பார்த்திருக்கிறது. அதன் விளைவு, நிழலில் நிற்பவர்களின் முகம் கொஞ்சம் அதிகமாகவே வெளுத்திருக்கிறது, வெயிலுக்கும் நிழலுக்கும் இருக்க வேண்டிய பகை குறைந்துவிட்டது. எடிட்டிங்கில் நிழல் பகுதியை மட்டும் அரை ஸ்டாப் இறக்கிப் பாருங்கள். அதிகம் இறக்கினால் சிறுமியின் முகம் போய்விடும். அது போகக் கூடாது.

இன்னொரு குறையும் உண்டு. கூரையின் வலது விளிம்பு வெட்டுப்பட்டிருக்கிறது. இரண்டடி பின்னால் நகர்ந்து எடுத்திருந்தால் கூரையும் அதன் நிழலும் முழுதாக வந்திருக்கும். ஏன் நகரவில்லை?

நெறியாளர் | ஞாயிறு, இரவு 10.00

நேரம் முடிந்தது. வாக்கெடுப்பு நாளை காலை தொடங்கும். கரந்தைக்காரர் நிழல் நுனியில் நின்று எடுத்த புதிய படத்தை இன்று மாலை அனுப்பினார். ஒருவருக்கு ஒரு படம் என்பதால் அதைப் போட்டியில் சேர்க்க முடியாது, தனியாக இணைக்கிறேன். கலசத்தைச் சுற்றி ஒளி கசிவதைப் பார்த்துவிட்டு என்னை யாரும் திட்ட வேண்டாம், விதி விதிதான். அடுத்த வாரத் தலைப்பு "ஈரம்".

தாம்பரம் பயணி | ஞாயிறு, இரவு 10.25

பழைய ஃபிலிம் ஐயா கேட்டதற்குப் பதில் சொல்லத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். நிழல் பகுதியை நீங்கள் சொன்னபடி அரை ஸ்டாப் இறக்கி மாற்றியிருக்கிறேன். பின்னால் நகராததற்குக் காரணம், அந்த வரிசையில் பத்தாவது ஆள் நான்தான். இரண்டடி பின்னால் போனால் வெயில். அந்த இடத்தையும் வேறு யாராவது பிடித்துவிடுவார்கள்.